தேம்ஸ் ஆறு தந்த கத்திகள்

1857-ஆம் ஆண்டு லண்டனில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே செல்சீ பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆற்றுப்படுகையைத் தோண்டவும் தூர்வாரவும் வந்த தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு வரும்படியும் இருந்தது. சேற்றிலிருந்து கிடைத்த பழம்பொருள்களை அருங்காட்சியகங்களுக்கு விற்பார்கள். அப்படி விற்றவர்களில் ஒருவர் ஹென்றி பிரிக்ஸ் என்ற கூலித் தொழிலாளி. அந்த ஆண்டில் பேட்டர்ஸி பக்கத்தில் துருப்பிடித்த நீண்ட இரும்பு ஒன்று அவர் கையில் சிக்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதே ஆண்டில் அதை வாங்கிக்கொண்டது.

மொத்த நீளம் 72.1 செ.மீ. அதில் அலகு மட்டும் 55.1 செ.மீ. கைப்பிடி எப்போதோ மக்கிப் போய்விட்டது. அதற்குள் செருகியிருந்த இரும்புக் காம்புதான் மிச்சம். நம்மூர் அரிவாளைப் போல ஒரு பக்கம் மட்டுமே கூர். மறுபக்கம் தடித்த முதுகு. அந்த முதுகு நேராக வந்து, ஓரிடத்தில் சட்டென்று சரிந்து முனையை நோக்கி இறங்குகிறது. முதுகு ஒடிந்தாற்போல் தோன்றும் இந்த வடிவம்தான் பிற்கால ஆங்கிலோ-சாக்ஸன் கத்திகளின் அடையாளம். பழைய இங்கிலாந்தின் மக்களான ஆங்கிலோ-சாக்ஸன்கள் தங்கள் கத்தியை ‘சியாக்ஸ்’ என்றார்கள். விரல் நீளக் கத்தி முதல் வாளுக்குச் சமமான நீளம் வரை எல்லாமே சியாக்ஸ்தான். பேட்டர்ஸியில் கிடைத்தது நெடிய வகை.

இவற்றை அடித்தெடுத்த பட்டறையின் நுட்பத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எஃகு கூர்மையைத் தாங்கும். ஆனால் முழுக்க எஃகாலேயே செய்தால் பலத்த அடியில் முறிந்துபோகும். மென்னிரும்பு முறியாது. ஆனால் கூர் நிற்காது. அதனால் முதுகை மென்னிரும்பால் செய்து, வெட்டும் விளிம்பில் எஃகுப் பட்டையை உலையில் காய்ச்சி அடித்து ஒட்டினார்கள். சில கத்திகளில் வேலை இன்னும் நுணுக்கம். மெல்லிய இரும்புக் கம்பிகளைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, பக்கம் பக்கமாக வைத்துப் பற்றவைத்து, அலகின் நடுவே பொருத்தியிருக்கிறார்கள். தேய்த்து மெருகேற்றியபோது அந்த முறுக்கு அலை அலையாகத் தெரிந்திருக்கும். இன்று துரு மூடிய அலகில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. எக்ஸ்-ரே எடுத்தால்தான் துருவுக்குள் கோடு கோடாக அந்த வேலைப்பாடு எழுந்து வருகிறது.

6, 7-ஆம் நூற்றாண்டுக் கத்திகள் பெரும்பாலும் கல்லறைகளில் கிடைத்தவை. இறந்தவரோடு ஆயுதத்தையும் வைத்துப் புதைப்பது அப்போதைய வழக்கம். எலும்பின் பக்கத்தில் கத்தி இருந்தால் அவருடைய வயதையும், எந்த நிலையில் வாழ்ந்தவர் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். கிறிஸ்தவம் வேரூன்றிய பிறகு, சுமார் 700-ஐ ஒட்டி, இந்த வழக்கம் நின்றுபோனது. நெடிய சியாக்ஸ்களின் காலமோ அதற்கு வெகு பிந்தி, 9, 10-ஆம் நூற்றாண்டுகள். அதனால்தான் அவை கல்லறையில் இல்லாமல் ஆறுகளில் கிடைக்கின்றன. படகிலிருந்து நழுவி விழுந்தவையா, சண்டையில் போனவையா, வேண்டுதலாக ஆற்றில் இட்டவையா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே நீள்கிறது. இத்தனை நல்ல ஆயுதங்கள் எல்லாமே கை தவறி விழுந்தவை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவற்றை எப்படி அணிந்தார்கள் என்பதற்குச் சான்று, வடக்கு யார்க்‌ஷயரில் மிடில்டன் கிராமத்து தேவாலயத்தில் உள்ள 10-ஆம் நூற்றாண்டுக் கற்சிலுவை. அதில் செதுக்கிய வீரனைச் சுற்றி ஈட்டி, கேடயம், வாள், கோடரி எல்லாம் இருக்கின்றன. உடலை ஒட்டி, இடுப்பில் இருப்பது சியாக்ஸ். யார்க் நகர அகழாய்வுகளில் ஈரமண் காத்துவைத்த தோலுறைகளும் கிடைத்தன. உள்ளே கத்தி இல்லாவிட்டாலும் அதன் வடிவத்தை உறை சொல்லிவிடுகிறது.

பேட்டர்ஸி கத்திக்கு வருவோம். துருவை நீக்கியபோது அலகில் எழுத்துகள் தெரிந்தன. இரும்பில் பள்ளம் வெட்டி, செம்பு, வெண்கலம், வெள்ளிக் கம்பிகளை அடித்துப் பதித்திருந்தார்கள். அவை, லத்தீன் எழுத்து வருவதற்கு முன் ஆங்கிலோ-சாக்ஸன்கள் பயன்படுத்திய ரூன் எழுத்துகள். ஆங்கிலோ-சாக்ஸன் ரூன் வரிசையின் 28 எழுத்துகளும் முழுமையாகப் பொறித்த ஒரே பொருள் இந்தக் கத்திதான். வரிசையின் முற்பகுதி பழைய மரபுப்படி செல்கிறது. பிற்பகுதியில் இடம் மாறுகிறது. சில எழுத்துகளின் வடிவமும் வழக்கமானதாக இல்லை. ரூன் எழுதும் பழக்கம் மங்கிவந்தது இதற்குக் காரணமாக இருக்கலாம்: அதற்குள் தேவாலயமும் அரசவையும் லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டிருந்தன. பக்கத்திலேயே ஒரு பெயர்: பேக்னோத். செய்தவரா, சொந்தக்காரரா? கத்தி அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சென்ற வாரம் பார்த்த ஆல்ஃபிரெட் மன்னரின் பெயர் தாங்கிய பொன் நகையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தன்னைச் செய்யும்படி ஆணையிட்டவர் ஆல்ஃபிரெட் என்று அந்த நகை அறிவிக்கிறது. அந்த அற்புதத்தைச் செய்த பொற்கொல்லரின் பெயரை அது சொல்லவில்லை. கென்ட் பகுதியின் சிட்டிங்போர்னில் கிடைத்த கத்தி அந்தக் குறையைத் தீர்க்கிறது. சுமார் 32 செ.மீ. நீளமே உள்ள 10-ஆம் நூற்றாண்டு சியாக்ஸ் அது. லத்தீன் எழுத்தில், ஆனால் மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்தில், ஒரு முகத்தில் “பியோர்டெல்ம் என்னைச் செய்தார்” என்றும், மறுமுகத்தில் “சிகெபெரெட் என்னை உடைமையாகக் கொண்டிருக்கிறார்” என்றும் அது பேசுகிறது. வாங்கியவரும் உழைத்தவரும் ஒரே இரும்பில் சரிசமமாக நிற்கிறார்கள். அந்தக் காலத்துக் கைவினைஞர்களில் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. 10-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து என்றதும் ஏதெல்ஸ்டன், எட்கர் என அரசர்களை மட்டும் வரிசைப்படுத்துகிறோம். என்னைக் கேட்டால், பியோர்டெல்மின் பெயரும் அந்தப் பாடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்த வாரம்: 937-இல் ஏதெல்ஸ்டன் வென்ற புரூனன்பர் போர்.