குணப்படுதலும் மதமாற்றமும்

ஆங்கிலத்தில் 'கன்வெர்ஷன்' என வழங்கும் சொல், திரும்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்றும் பிறந்து, சமய வழக்கில் ஆத்துமாவின் திருப்பத்தையும், சட்ட வழக்கில் பிறர் உடைமையைத் தனதாக்கிக்கொள்ளும் தவற்றையும் ஒருங்கே சுட்டி நிற்பது. தமிழில் விவிலியத்தை ஆக்கிய பெரியோர், பிழைக்கு வருந்தி உள்ளம் திருந்துதலை 'மனந்திரும்புதல்' என்றும், அதன்பின் கடவுளிடம் மீளுதலை அப்போஸ்தலர் நடபடிகளில் 'குணப்படுதல்' என்றும் வழங்கினர். பின்னது நோய் நீங்குதலுக்கும் உரிய சொல்லாதலின், அதனைத் தேர்ந்தவரின் செவி நுட்பமானது என்பேன். சூலை தீர்ந்ததும் சமணத்தினின்றும் மீண்டதும் ஒரே நிகழ்ச்சியாய் முடிந்த திருநாவுக்கரசர் சரித்திரத்தை அறிந்த நாட்டில் அதற்கு உரை வேண்டுவதில்லை. 'மதமாற்றம்' என்பதோ பத்திரிகைக்கும் கச்சேரிக்கும் ஏற்ற சொல். 2002-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட தடைச் சட்டத்தின் பெயரிலும் அதுவே ஏறியது. வடமொழியில் மதம் என்பதற்குக் கருத்தென்றே பொருள். அவ்வாறு கொண்டால் நாம் நாள்தோறும் மதம் மாறுகிறவர்களே.

இச்சொற்களின் தகுதியை நிக்கோபார்த் தீவுகளில் வைத்துப் பார்த்தல் நன்று. தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொரேவிய சகோதரர்கள் 1768 முதல் 1787 வரை நான்கௌரியில் முயன்று, காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்து, தீவினரின் பாஷையும் கைவராமல் மீண்டனர். நூறாண்டுக்குப்பின், வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் அமர்ந்து பள்ளிக்கூடம் நடத்தினார். அவரிடம் பயின்று, மாந்தலே சென்று கற்று, ஜான் ரிச்சர்ட்சன் என்னும் பெயரோடு ஊர் திரும்பிய நிக்கோபாரிய மாணவரே, பின்னாளில் புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் ஆக்கி, ஜப்பானியர் ஆட்சியின் கொடுமைகளுக்குத் தப்பி, 1950-இல் பிஷப்பாகவும், 1952-இல் தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனவர். யுத்தம் முடிந்தபின் தீவினருட் பெரும்பாலோர் அவர் வழி நின்றனர்.

இதனைக் குணப்படுதல் என்றால், முன்பு அவர்கள் பிணியுற்றிருந்தனர் என்றாகிவிடும். அதற்கு என் மனம் இசையவில்லை. மாற்றம் என்றால், பண்டமாற்றிற்போல ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்றனர் என்பது தொனிக்கும்; அதுவும் பொருந்தாது. ஏனெனில், 'துஹெத்' என்னும் கூட்டுக்குடும்பமும், நிலமும் தென்னந்தோப்பும் அதன் பொது உடைமையாய் இருக்கும் முறையும், முன்னோர் நினைவாகப் பன்றிகளை அறுத்து ஊரழைத்து நடத்தும் விழாவும் ஞானஸ்நானத்துக்குப் பின்னும் நின்றன. நெல்லைச் சீமைக் கிராமத்தார் 'வேதத்தில் சேர்ந்தார்' என்று வழங்குவரே, படிப்பாளிகள் கவனியாத அந்தச் சொற்றொடரே இங்கு மெய்க்கு அணித்தானது. சேர்தலில், முன்னிருந்ததை விட்டதாகப் பொருளில்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், நிவாரணப் பணம் தனித்தனிக் குடும்பங்களின் பெயரில் வந்தபோதுதான் துஹெத் தளர்ச்சி கண்டது. அதனை எவரும் மதமாற்றம் என்று அழைக்கவில்லை.