சாவி யார்கிட்ட இருக்கு?

இன்னிக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஆபீஸ்ல நான் புடுங்குற ஆணி, ஆன்லைன்ல பாடம் நடத்துற மென்பொருள். போன வாரம் மீட்டிங்ல "நெட் மட்டும் போயிட்டா போதும், கிராமம் தானா கத்துக்கும்"னு வாய் கூசாம சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் புதுச்சேரி கதை ஞாபகத்துக்கு வந்து குத்துச்சு.

1998ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. கொடுத்த நிதியில், புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூர்தான் தலைமை மையம். இணையம் அங்கே வந்து இறங்கும். மத்த ஊர்களுக்கு எப்படிப் போறது? போன் லைனை நம்ப முடியாது, கரண்டு அதைவிட மோசம். அதனால வயர்லெஸ் ரேடியோவும் சோலார் பேனலும்!

ஆனா எனக்குப் பிடிச்சது தொழில்நுட்பம் இல்லீங்க, அவங்க போட்ட நிபந்தனைகள். மையத்துக்கு இடம் ஊர்க்காரங்கதான் கொடுக்கணும். நடத்துறதும் அந்த ஊர் ஆளுங்கதான், அதிலும் பெரும்பாலும் பெண்கள். தலித் மக்கள் உட்பட யார் வந்தாலும் உள்ளே விடணும். எம்பலம் கிராமத்தில் மையம் இயங்கினது ஒரு கோயிலில். நடத்தினது பெண்கள். யோசிச்சுப் பாருங்க!

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலை எவ்வளவு உயரம் என்ற தகவல். அது அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்தில் இருந்தது, ஆங்கிலத்தில். மையத்தில் இருக்கிறவங்க அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிச்சாங்க. கடலுக்குப் போறவர் மவுஸைத் தொடவே வேண்டாம், காது இருந்தால் போதும். 2003ல் ஜாம்ஷெட்ஜி டாட்டா பெயரில் ஒரு மெய்நிகர் கல்விக்கழகமும் தொடங்கி, கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தாங்க.

அப்புறம் வந்தது 2004 டிசம்பர் 26.

நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருத்தர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கிட்டிருந்தார். டிவியில் சுனாமி செய்தியைப் பார்த்துட்டு ஊருக்குப் போன் போட்டார். வீட்டுக்குள்ள தண்ணி வர ஆரம்பிச்சிருச்சுன்னு பதில் வந்தது. "உடனே வெளிய ஓடுங்க, ஊருக்கும் சொல்லுங்க"ன்னார். ஊர்க்காரங்க தகவல் மையத்துக்கு ஓடிப்போய்க் கதவை உடைச்சு, ஒலிபெருக்கியில் எச்சரிச்சாங்க. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போச்சு. ஆனா எல்லாரும் உயிர் தப்பிச்சாங்க.

அன்னிக்கு அவங்களுக்கு உதவினது இணையம் இல்லை. ஒரு போனும் ஒரு ஒலிபெருக்கியும்தான். ஆனா அந்தப் பதட்டத்திலும் 'அந்த ரூமில் மைக் இருக்கு, அது நம்மளோடது, உடைச்சாலும் யாரும் கேட்க மாட்டாங்க'ன்னு அவங்களுக்குத் தோணிச்சே, அதுதான் விஷயம். யாரோ வெளியூர் கம்பெனி வெச்சுட்டுப்போன பொட்டியா இருந்தா அந்தப் பக்கம் ஓடியிருப்பாங்களா? சந்தேகம்தான். வருஷக்கணக்கா தினமும் அந்த ஒலிபெருக்கியைக் கேட்டுப் பழகின கடற்கரை அது.

சுவாமிநாதன் 2023ல் காலமானப்போ எல்லாரும் பசுமைப் புரட்சியைப் பத்தியே பேசினாங்க. எனக்கு என்னவோ இந்தக் குழாய் ஸ்பீக்கர்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த மீட்டிங்கில் ஸ்பீடு எத்தனை எம்பிபிஎஸ்னு கேக்கப் போறதில்லை. "சாவி யார்கிட்ட இருக்கும்?"னுதான் கேக்கப் போறேன். மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டும்!