ஒரு பிக்குல் ஈயமணலில் எத்தனை காத்தி ஈயம்?

பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் இன்று டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் முன்னர் ஈய உருக்காலை ஒன்று இயங்கிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லீ சின் ஹோ தொடங்கிய அந்த ஆலை, 1907இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனமாயிற்று. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனத்தின் ஆலை 1902 முதல் இயங்கியது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் அலசியெடுத்த ஈயமணல் இவ்வாலைகளுக்கு வந்து சேர்ந்தது. (ஈயம் என்று இங்கே சொல்வது வெள்ளீயத்தை; நம் வீட்டு ரசத்திற்குரிய ஈயச்சொம்பின் உலோகம். காரீயம் வேறு.)

அக்கால எடை பிக்குல். ஒரு பிக்குல் 100 காத்தி, ஏறத்தாழ 60.5 கிலோகிராம். விழுக்காடு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது? மணலில் ஈயம் 75 விழுக்காடு என்றால், பிக்குலுக்கு 75 காத்தி. வகுக்கவே வேண்டாம்!

இதற்கு மேல்வரம்பும் உண்டு. ஈயக்கனிமம் ஈயமும் பிராணவாயுவும் சேர்ந்தது. ஈயத்தின் அணுநிறை 118.7, இரண்டு பிராணவாயு அணுக்களுக்கு 32, கூட்டினால் 150.7. ஆகவே மாசே இல்லாத கனிமத்திலும் ஈயம் 78.8 விழுக்காடுதான். எஞ்சிய பிராணவாயுவை உலையில் கரி பறித்துக்கொண்டு புகையாய்ப் போகும்.

கணக்கில் உள்ளதெல்லாம் முதல் உருக்கிலேயே கைக்கு வருவதில்லை. கசடும் ஓரளவு ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கசடை மீண்டும் உருக்கினார்கள்.

ஆனால் தராசு மணலின் எடையைத்தான் காட்டும். உள்ளிருக்கும் ஈயத்தைக் காட்டாது. அதற்கு மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த ஓர் எண்ணில்தான் விற்பவரின் வரும்படி அடங்கியிருந்தது. 75 விழுக்காட்டு மணலை 70 என்று மதிப்பிட்டால், பத்துப் பிக்குலில் 50 காத்தி, அதாவது 30 கிலோகிராம் ஈயத்தின் விலை அவருக்குக் கிடைக்காது. பெரிய சுரங்க நிறுவனங்கள் தாமே சோதித்து ஒப்பிட்டுக்கொள்ள முடியும். ஆற்றில் இடுப்பளவு நீரில் குனிந்து நின்று, மரத்தட்டில் மணல் அலசிய 'டூலாங்' பெண்களுக்கு அந்த வசதி ஏது? நாள் முழுதும் அலசிச் சேர்த்த சில காத்தி மணலைக் கடைக்காரரிடம் கொடுத்து, அவர் சொன்ன தரத்திற்கு விலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.