சத்திரமா, லாட்ஜா?



ஒசாகாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி போன வாரம் போனில் பேசினாள். ஜப்பானில் ‘ரியோகான்’ என்று பழைய பாணி விடுதிகள் உண்டாம். பாய் பதித்த அறை, தரையில் மெத்தை, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் வாடகையிலேயே சேர்த்தி. ஆசையாக விசாரித்தால், தனி ஆளுக்கு அறை கிடையாது என்று சில இடங்களில் சொல்லிவிட்டார்களாம். "கடைசியில சாதாரண ஓட்டல்லயே தங்கிட்டேன் டீச்சர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இது நமக்கும் பழைய கதைதானே!

அரியலூரில் பஸ் ஏறினால் திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறோம். ஒட்டன்சத்திரம், சுங்குவார்சத்திரம் என்று ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சனங்கள் நடந்தும் வண்டி கட்டியும் போன காலத்தின் மிச்சம் அது. ராணி மங்கம்மாள் கட்டிய சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது தஞ்சை மராட்டியர் சத்திரங்கள். ராமேஸ்வரம் போகும் வழி நெடுக அவற்றைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் 1802இல் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். தேர் போன்ற அடித்தளமும் கல் குதிரை, கல் யானையுமாகக் கட்டியிருக்கிறார்கள்.

1799இல் தஞ்சை ஆட்சி கும்பெனியார் கைக்குப் போயிற்று. சத்திரத்து மானியங்களும் போய்விடுமோ என்ற கவலையில் 1801இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு. நடுச்சாமத்தில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர் உண்டு. கர்ப்பிணி வந்து அங்கேயே பிரசவமானால் செலவு சத்திரத்துடையது, பிறகு மூன்று மாதம் வரை அவள் தங்கலாம்.

அந்த மூன்று மாதம் என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். காரணம் இருக்கிறது.

1994இல் இலாகா வேலையாகச் சென்னைக்குத் தனியாகப் போனேன். ரயில் தாமதமாகி எழும்பூரில் இறங்கும்போது இரவு பத்து மணி. பக்கத்துத் தெருவில் மூன்று லாட்ஜ் ஏறி இறங்கினேன். "கூட யாரும்மா வந்திருக்கா?" "யாருமில்லை." "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லம்மா." கையில் பணம் இருந்தது, பள்ளி அடையாள அட்டையும் இருந்தது. ஸ்டேஷனுக்கே திரும்பி, பெண்கள் காத்திருப்பு அறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். சாதி, மதம் போலவே பால் வேற்றுமையாலும் ஓட்டலில் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 15ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான்!

அதற்காகச் சத்திரத்தைத் தூக்கிக் கொண்டாடவும் என்னால் முடியாது. என் தாத்தா வாலிகண்டபுரம் பக்கத்துக்காரர். வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு தெற்கே போய்வருவார். வழியில் ஒரு சத்திரத்தில் அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்தார்களாம், ஆனால் உள்ளே விடவில்லையாம். வெளியே புளியமரத்தடியில் பொங்கித் தின்றுவிட்டு வண்டிக்கு அடியிலேயே படுத்தாராம். எல்லாருக்கும் சோறு இருந்தது, எல்லாருக்கும் ஒரே பந்தி இல்லை. லாட்ஜுக்காரர் என்னிடம் சாதி கேட்கவில்லை, புருஷன் எங்கே என்றுதான் கேட்டார். தாத்தாவுக்கு அடைத்த கதவும் எனக்கு அடைத்த கதவும் வேறு வேறு.

ரயில் வந்ததும் நடைவழிச் சத்திரங்களுக்கு வேலை குறைந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு நடப்பவர்கள் எத்தனை பேர்? இந்தப் பக்கம் சில ஊர்களில் முசாபரி பங்களா இருந்தது. அது அதிகாரிகளுக்கு, நம்மைப் போன்றவர்களுக்கு அல்ல.

அடுத்த மாதம் ராமேஸ்வரம் போகிறேன், தனியாகத்தான். மகன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். நேற்று ஒரு விடுதிக்குப் போன் போட்டேன்.

"எத்தனை பேரும்மா?"

"ஒருத்திதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எனக்கு எழும்பூர் ஞாபகம் வந்துவிட்டது.

"ஆதார் கொண்டு வந்துருங்கம்மா. கீழ் ரூம் வேணுமா, மாடி ரூம் வேணுமா?"

முழங்கால் வலி. கீழ் ரூம் என்று சொல்லியிருக்கிறேன்.