தொப்பூர்க் கணவாயும் கியர்ப் பெட்டியும்

அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்கே நெய் பூசி, பீலி அணிந்து, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த வேல்களைக் கண்டு, தம் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று சொன்னதாகப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அறிவிக்கிறது. தூதின் சாதுரியத்தையும் பழிப்பது போலப் புகழும் நயத்தையும் உரையாசிரியர்கள் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தொழில்களின் சரித்திரத்தில் ஈடுபாடு கொண்டவனுக்கோ அந்தக் கொட்டில்தான் கண்ணில் நிற்கிறது. ஆயுதத்தை வடித்தவனைப் பற்றியும் அதை ஏந்தியவனைப் பற்றியும் பாடல்கள் உண்டு. முறிந்ததை மறுபடியும் ஆக்கிக் கொடுக்கும் பழுதுபார்ப்புக் கூடத்தை ஒரு நாட்டின் பெருமைக்குச் சான்றாக நிறுத்திய பாட்டு அபூர்வம். அந்தப் பெருமை தகடூருக்குக் கிடைத்தது தகும் என்றே நான் நினைக்கிறேன். ஏனெனில் இந்த மண்ணில் பழுதுபார்ப்புத் தொழில் பிற்காலத்திலும் செழித்தது. அதைச் செழிக்கச் செய்தது இதன் ஊடாகச் செல்லும் சாலை.

மைசூர்ப் பீடபூமிக்கும் சேலத்துச் சமவெளிக்கும் நடுவில் கிடக்கும் மேட்டு நிலம் இது. வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு, படையானாலும் பாரவண்டியானாலும், தருமபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாய் வழியே இறங்குவது முக்கியமான வழி. 1790-ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கிலத் தளபதி மெடோஸ் துரத்தி வர, திப்பு சுல்தானின் சேனை இந்தக் கணவாய் வழியாகத்தான் நழுவிச் சென்றது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தபோது, அதன் நிர்வாகத்தை ஏற்ற அலெக்ஸாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்து, பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ, 1799 வரையில் பெரும்பாலும் தருமபுரியிலேயே தங்கியிருந்தார். அவர் காலத்துப் பாரவண்டிகள் தொப்பூர் இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, அடிமேல் அடி வைத்துத்தான் இறங்கியிருக்க வேண்டும்.

ரயில் வந்தது, வந்த சுருக்கில் போயும் விட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் இரண்டரை அடி அகலமுள்ள சிறிய பாதை ஒன்று போடப்பட்டு, 1913-இல் ஓசூர் வரையில் நீட்டப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவில், 1941-இல், அது மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதன் பிறகு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தருமபுரி நகரம் ரயிலின்றி இருந்தது. புளியும் கேழ்வரகும் மாங்காயும், உப்பும் துணியும் மண்ணெண்ணெயும், ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியும் கோர்ட்டுக்குப் போகிற வழக்காளியும், எல்லாம் எல்லாரும் மோட்டாரை நம்பியே இருக்க நேர்ந்தது. அந்த மோட்டாருக்கோ யுத்த காலத்தில் போதிய பெட்ரோல் கிடைக்கவில்லை. பின்பக்கத்தில் அடுப்பு ஒன்றைச் சுமந்து கரி வாயுவால் ஓடிய பஸ்களைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏற்றங்களில் அவற்றுக்குப் பலம் போதாமல், பிரயாணிகள் இறங்கி நடந்து, மேட்டுக்கு மேல் போய் மறுபடியும் ஏறிக்கொள்வார்களாம்.

சுதந்திரத்துக்குப் பின் எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிற்று. 1954-இல் டாட்டா கம்பெனியார் ஜெர்மானிய டைம்லர்-பென்ஸ் கம்பெனியுடன் உடன்பட்டு லாரி உற்பத்தியைத் தொடங்கினார்கள். சேலம், நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழில் பெருகப் பெருக, வடக்கே செல்லும் பாரமெல்லாம் தருமபுரிச் சாலையில் ஏறி இறங்கலாயிற்று. அக்காலத்து லாரிகளில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, இன்ஜினுக்கு ஓர் உறுமல் கொடுத்துப் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். டபுள் கிளட்ச் என்று டிரைவர்கள் சொல்லும் இந்தக் காரியத்தில் காலம் ஓர் அணு பிசகினாலும் பல்லோடு பல் மோதிக் கறகறவென்று அலறும். பலமுறை பிசகினால் பல் முனை உதிரும். கிளீனராக வந்த பையன் ஆண்டுக்கணக்கில் காதால் கேட்டுப் பழகிய பின்னரே ஸ்டியரிங்கைத் தொட அனுமதி பெற்றான். அவன் காதுக்கும் கைக்கும் பாடம் தவறிய இடத்தில்தான் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைக்கு வேலை பிறந்தது.

தொப்பூர் இறக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தக் கியரில் ஒரு மேட்டை ஏறுவாயோ அந்தக் கியரிலேயே அதை இறங்கு என்பது பழைய டிரைவர்களின் சட்டம். கீழ் கியரில் இருக்கும்போது வண்டியின் வேகத்தை இன்ஜினே தாங்கிப் பிடிக்கிறது. பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது. டீசலை மிச்சப்படுத்தலாம் என்ற ஆசையால் நியூட்ரலில் விட்டு இறங்குகிறவனுக்கு இன்ஜினின் தயவு அற்றுப் போகிறது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழ, டிரம் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. அடிக்கடி மிதிப்பதால் காற்று பிரேக்கின் தொட்டியில் காற்றும் குறைகிறது, அதை நிரப்ப வேண்டிய இன்ஜினோ மந்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணவாயிலுள்ள இரட்டைப் பாலத்தருகே நேர்ந்த விபத்துக்களில் மாண்டவர்களை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. நியூட்ரலில் இறங்காதே, கீழ் கியரில் செல் என்று போலீசார் இன்றும் எச்சரித்துக்கொண்டிருப்பது, ஒரு காலத்தில் எழுதப்படாமலே கடைப்பிடிக்கப்பட்ட அறிவு கைநழுவிப் போவதற்கு அத்தாட்சி.

இனி இந்தச் சரித்திரத்தின் புதிய அத்தியாயத்துக்கு வருகிறேன். டபுள் கிளட்சின் சிரமத்தை முதலில் நீக்கியவர் ஏர்ல் தாம்ஸன் என்ற அமெரிக்கர். சுழலும் பல்சக்கரங்களின் வேகம் தானாகவே சமமாகும்படி அவர் அமைத்த சிங்க்ரோமெஷ், 1928-இல் காடிலாக் வண்டிகளில் வந்தது. அதோடு அவர் திருப்தியடையவில்லை. அவர் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி நிர்மாணித்து, 1939-இன் இறுதியில் ஓல்ட்ஸ்மொபில் வண்டியில் வெளியிட்ட ஹைட்ரமாடிக் என்ற யந்திரத்தில் கிளட்ச் மிதியே இல்லை. முன்னோக்கிய நான்கு கியர்களையும் எண்ணெயின் அழுத்தமே மாற்றிக் கொடுத்தது. யுத்தத்தில் அமெரிக்கரின் ஸ்டூவர்ட் டாங்கிகள் சிலவற்றை இதுவே இயக்கிற்று. 1952-இல் ரோல்ஸ் ராய்ஸும் இதை ஏற்றுக்கொண்டது. இத்தகைய ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டிகளின் அறிவெல்லாம் தங்கியிருக்கும் உறுப்புக்கு வால்வு பாடி என்று பெயர்.

அதைத் திறந்து பார்ப்பவனுக்கு முதலில் தோன்றுவது ஓர் ஆயக்கட்டின் வரைபடம். அலுமினிய வார்ப்பில் குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எண்ணெயைத் தடுக்கவும் விடவும் மதகு போன்ற சிறு உருளை வால்வுகள். ஒரு மதகின் கதையைச் சொன்னால் போதும். அதன் ஒரு முனையை வண்டியின் வேகத்தால் பிறக்கும் எண்ணெய் அழுத்தம் தள்ளுகிறது. எதிர் முனையை ஒரு ஸ்பிரிங்கும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கு உயரும் மற்றோர் அழுத்தமும் சேர்ந்து தள்ளுகின்றன. வேகம் வென்றால் மதகு நகர்ந்து மேல் கியருக்கு வழிவிடும். டிரைவர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், பாரம் அதிகம் போலும் என்று கொண்டு, கீழ் கியரிலேயே இன்னும் சிறிது நேரம் காத்திருக்கும். கிளீனர் பையன் காதால் கற்றதை இங்கே ஒரு ஸ்பிரிங்கும் எண்ணெயும் நிறைவேற்றுகின்றன.

ஆனால் தொப்பூரில் இந்த அறிவு தலைகீழாகிறது. வால்வு பாடியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை. இறக்கத்தில் டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். வண்டியோ சரிவால் வேகம் கொள்கிறது. ஒரு பக்கம் அழுத்தம் குறைய, மறு பக்கம் கூட, மதகு என்ன செய்யும்? சமதளத்தில் சுகமாக ஓடுவதாகவே எண்ணி மேல் கியருக்கு வழிவிடும். இன்ஜினின் தடை எங்கே மிகவும் வேண்டுமோ அங்கேயே அது குறைந்துபோகும். இதை உணர்ந்தே, இரண்டு என்றும் எல் என்றும் குறியிட்ட இடங்களைக் கைப்பிடியில் வைத்திருக்கிறார்கள். டிரைவர் கையால் அங்கே தள்ளினால் ஒரு வால்வு நகர்ந்து மேல் கியருக்கான பாதையை அடைத்துவிடும். எண்பதுகளுக்குப் பின் வந்தவற்றில் மின்சார சோலினாய்டுகளும் கம்ப்யூட்டரும் மதகுகளை ஆள்கின்றன; சிலவற்றில் இறக்கத்தை உணரும் ஏற்பாடும் உண்டு. ஆயினும் டிரைவரின் கை செய்ய வேண்டிய காரியம் முற்றும் நீங்கிவிடவில்லை.

நம் நாட்டில் இந்த வகை வண்டிகள் பெருகியது அண்மைக் காலத்தில்தான். 2014-இல் மாருதி செலெரியோவுடன் வந்து பரவிய ஏ.எம்.டி. என்பதையும் ஜனங்கள் ஆட்டோமேட்டிக் என்றே அழைக்கிறார்கள். அது உண்மையில் பழைய கியர் பாக்ஸேதான், கிளட்சையும் கியரையும் மாற்றும் வேலையை மாத்திரம் ஒரு யந்திரக் கை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மதகுகள் நிறைந்த வால்வு பாடி, 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் ஆட்டோமேட்டிக் போன்ற வண்டிகளில் இருக்கிறது. பழுது வந்தால் முழுப் பாகத்தையும் மாற்றுவதே பெரிய சர்வீஸ் நிலையங்களின் வழக்கம்; அதன் விலையைக் கேட்டு மலைத்துப் போகிற சொந்தக்காரர், பிரித்துச் சரிசெய்யத் துணிந்த கையைத் தேடி வீட்டோடு சேர்ந்த சிறு கொட்டகைகளுக்கு வருகிறார். துணிவதற்கு வேண்டிய அடிப்படை இந்த வட்டாரத்தில் உண்டு. 1980-இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை தொடங்கிய ஓசூர், 2004 வரையில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததே. நூலிழைக் கணக்கில் அளந்து வேலை செய்யும் பழக்கம் அங்கிருந்து எத்தனையோ சிறு பட்டறைகளுக்குப் பரவியிருக்கும் என்று நம்புகிறேன்.

லாரி கியர் பாக்ஸைப் பிரித்துப் பழகிய கைக்கு இந்த வேலை முற்றிலும் வேறான ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது. அங்கே சம்மட்டியும் நெம்புகோலும் செல்லும். இங்கே மூச்சுக்காற்றில் பறக்கும் தூசியும் பகை. எண்ணெயை வடித்து அடித்தட்டைக் கழற்றியதும் அதிலுள்ள காந்தத்தைப் பார்க்க வேண்டும்: மாவு போன்ற கருந்தூள் ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், இரும்புச் சிராய்கள் நின்றால் நோய் வால்வு பாடியோடு நிற்கவில்லை, உள்ளே எங்கோ பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. போல்ட்டுகள் ஒரே தடிப்பாக இருந்தும் நீளத்தில் வேறுபடும். ஆகையால் கழற்றிய வரிசையிலேயே ஓர் அட்டையில் துளையிட்டுக் குத்தி வைக்கிறார்கள். இரு பாதிகளுக்கு நடுவிலுள்ள துளைத்தகட்டைத் தூக்கும் நொடியில், மிளகு அளவான சிறு குண்டுகள் உருண்டோடிவிடும். எந்தக் குண்டு எந்தக் குழியில் இருந்தது என்று செல்போனில் படம் பிடித்துக்கொள்ளாதவன் பின்னர் கைபிசைந்து நிற்க வேண்டியதுதான். ஸ்பிரிங்குகளோ பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால், கியர் மாறும் வேகமே மாறிவிடும். துடைப்பதற்குப் பட்டறையில் எப்போதும் கிடைக்கும் வேஸ்ட் நூல் உதவாது. அதன் ஓர் இழை உள்ளே தங்கினால் ஒரு வால்வைச் சிக்கவைக்க அது போதும்.

கழுவி உலர்த்திய துளையில் புதிய எண்ணெய் தடவிய வால்வைச் செங்குத்தாகப் பிடித்து விட்டால், யாரும் தள்ளாமல், தன் பாரத்தாலேயே அது வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் அழுக்கு உண்டு, அல்லது கீறல் உண்டு. அதற்கு மாறாக, துளையில் அது பக்கவாட்டில் ஆடினால், வால்வு பல்லாயிரம் முறை போய்வந்ததில் அலுமினியச் சுவர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் தேய்மானத்தின் வழியே எண்ணெய் கசிய, கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய அழுத்தம் குறைய, பிளேட் வழுக்கி, சூடேறி, கருகும். கருகிய பிளேட்டை மாத்திரம் மாற்றிக் கொடுப்பவன் சில மாதங்களில் அதே வண்டியைத் தன் வாசலில் மறுபடியும் காண்பான். தேய்ந்த துளைக்குப் பெரிய அளவு வால்வோ, கடைந்து பொருத்தும் உறையோ போட்டுச் சரிசெய்வதுதான் முறை. அதற்குரிய துல்லியமான கருவி கையில் இல்லாதவன் அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, வேறொருவரிடம் அனுப்புவதே நேர்மை. சேர்க்கும்போதும் போல்ட்டை லாரிக்கு இறுக்குவது போல் இறுக்கலாகாது. அளவு காட்டும் ஸ்பேனரால், குறித்த எல்லையில் நிறுத்த வேண்டும். மிஞ்சினால் வார்ப்பு வளைந்து, சற்று முன் சுகமாக வழுக்கிய வால்வே இறுகி நின்றுவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது தட்டையான சாலையில் கியர்கள் வரிசையாக மாறுவதைக் கண்டு திருப்தியடைந்து சாவியைக் கொடுத்துவிடக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். தருமபுரியில் செய்த வேலையைத் தொப்பூருக்குக் கொண்டு போக வேண்டும். இறக்கத்தின் தலைப்பில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கைப்பிடியை இரண்டுக்குத் தள்ளி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்க்கட்டும். இன்ஜின் உறுமித் தடுத்து, வேகம் காட்டும் முள் மேலே ஏறாமல் நின்றால் அந்த வால்வு தன் கடமையைச் செய்கிறது. வண்டி விடுபட்டு ஓடினால் பிரேக்கை மிதித்து ஓரம் கட்டித் திருப்பிக் கொண்டுவந்து, வால்வு பாடியை மறுபடியும் கழற்றி, கைப்பிடியோடு இணைந்த அந்த வால்வையும் அதன் கம்பி அளவையும் பார்க்க வேண்டும்.