“8” போட்டுப் பழக இடம் எங்கே? காலி மைதானமா இருந்தாலும் எல்.எல்.ஆர். வேணும்!

“வண்டியை எங்கே ஓட்டிப் பழகுறது?” லைசென்ஸ் எடுக்க நினைக்கும் எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்ட முடியாதவர்கள், அண்ணனையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு காலி இடம் தேடி அலைகிறார்கள்.

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். அது 6 மாதம் வரை செல்லும். அதற்குள் நன்றாகப் பழகிவிட வேண்டும்.

மைதானமும் பொது இடமே

“கிரவுண்டுதானே, யாரு கேக்கப் போறா?” என்று சிலர் எல்.எல்.ஆர். இல்லாமலே வண்டியை எடுத்து விடுகிறார்கள். இது தப்பு. பொதுமக்கள் உரிமையோடு வந்து போகும் எந்த இடமும் மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடம்தான். அங்கே லைசென்ஸோ எல்.எல்.ஆரோ இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் ரூ.5 ஆயிரம் அபராதம். விளையாடும் பிள்ளைகள் மீது மோதிவிட்டால் வழக்கு வரும், இன்சூரன்சிலும் சிக்கல்தான்.

எல்.எல்.ஆர். இல்லாத 18 வயதுக்குக் கீழ் உள்ள பையன் கையில் வண்டியைக் கொடுத்து, அவன் விபத்து போன்ற குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கு ரூ.25 ஆயிரம் அபராதம், 3 ஆண்டு வரை ஜெயில் என 2019-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது.

எல்.எல்.ஆர். இருந்தாலும், லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு நிற ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். பைக்கில் சொல்லிக் கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது.

எந்த இடம் நல்லது?

முதல் வாரத்துக்கு மைதானம் போதும். விடியற்காலையில், பிள்ளைகள் விளையாட வருவதற்குள் முடித்துவிட வேண்டும். பள்ளி, கல்லூரி மைதானம் என்றால் அனுமதி வாங்க வேண்டும். சுண்ணாம்பில் 8 வரைந்து, ஓரத்தில் காலி பிளாஸ்டிக் பாட்டில்களை வைக்கலாம். செங்கல் வைத்தால் விழும்போது அடிபடும். ஹெல்மெட் கட்டாயம்.

காலை ஊன்றாமல் 8 வந்துவிட்டால், அடுத்து வீடு கட்டாத மனைப்பிரிவு ரோடு. திருப்பம், கை சிக்னல், கார் என்றால் ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் இங்கே பழகலாம். மேடான ரோடு கிடைத்தால், கார் பின்னால் உருளாமல் கிளப்பிப் பார்க்க வேண்டும்.

ஓசூர், ராணிப்பேட்டை போன்ற ஊர்களில் சிப்காட் ரோடுகள் அகலமாக இருக்கும். ஆனால் கன்டெய்னர் லாரிகள் வந்து போகும் இடம் அது. புதிதாகப் பழகுபவர்கள் அங்கே போகக்கூடாது. மழைக்காலத்தில் ஏரிக்கரை, ஆற்று மணல் பக்கமும் வேண்டாம்.

கடைசியாக, காலை 6 மணி வாக்கில் ஊருக்குள் ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மைதானத்தில் 8 போட்டுவிட்டு நேராக டெஸ்டுக்குப் போகிறவர்கள், பின்னால் பஸ் ஹாரன் அடித்ததுமே தடுமாறி விடுகிறார்கள். நெரிசல் உள்ள மெயின் ரோடு கடைசியில்தான்.

டெஸ்டுக்கு வண்டியை நாம்தான் கொண்டு போக வேண்டும். அதனால் பழகிய வண்டியையே கொண்டு போவது நல்லது. கியர் இல்லாத வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் அந்த வகை லைசென்ஸ்தான் கிடைக்கும்.

டெஸ்டில் பெயில் ஆனால் 7 நாள் கழித்து மறுபடியும் போகலாம். 3 தடவை பெயில் ஆனால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி போகும் என்பதால், நன்றாகப் பழகிவிட்டு தேதி வாங்குவதே புத்திசாலித்தனம்.