அரண்மனையும் சந்தையும்: பத்மநாபபுரம் – பாலராமபுரம் எல்லைவழி குறித்த ஒரு நோக்கு

நவராத்திரி விழாவினையொட்டி ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து மூன்று தெய்வத் திருமேனிகள் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றன. அரண்மனைத் தேவாரக்கட்டுச் சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய இம்மூவரும் முதல்நாள் இரவு குழித்துறையிலும் மறுநாள் இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி மூன்றாம் நாள் நகரை அடைவர். சரசுவதித் திருமேனி கம்பர் வழிபட்டது என்பது மரபுவழிச் செய்தி. பத்மநாபபுரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர்ப் பெருமையை இழந்ததன் விளைவே இப்பயணம் எனலாம். இம்மூன்று நாள் நடைவழியை இன்று பேருந்தில் ஒரே பகலில் கடந்துவிடலாம். கடப்போர் அரண்மனையைக் காண இறங்குகின்றனர். சந்தையைக் காண எவரும் இறங்குவதில்லை. ஆய்வுலகின் போக்கும் ஏறக்குறைய இதுவே. இவ்வழியின் வரலாற்றை இரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி விளங்கிக்கொள்ள இயலாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கொட்டாரம்

தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் தொடக்கம் 1601ஆம் ஆண்டை ஒட்டியது என்பர். மார்த்தாண்டவர்மர் (1729–1758) அதனைப் பெரிதும் புதுக்கினார். 1750இல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அடியறை வைத்தார். கல்குளம் என்னும் பழைய ஊர்ப்பெயர் பின்தள்ளப்பட்டு இறைவன் பெயர் ஊர்ப்பெயராயிற்று. அரண்மனையின் பகுதிகளுக்கு வழங்கும் பெயர்கள் தமிழ் மாணவர் நின்று நோக்கத்தக்கவை: பூமுகம், ஊட்டுப்புரை, உப்பரிகை மாளிகை, தாய்க்கொட்டாரம். இவற்றுள் தாய்க்கொட்டாரமே மிகப் பழைய பகுதி. கொட்டாரம் என்னும் சொல் மலையாளத்தில் அரண்மனையையும் தமிழில் களஞ்சியத்தையும் குறிக்கும். நெல் குவிந்த இடமே அதிகாரம் குவிந்த இடமாயிற்றோ என எண்ணத் தோன்றுகிறது. இதனைச் சொற்பிறப்பு முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இருதளங்களிலுமாக ஈராயிரவர் அமர்ந்துண்ணும் ஊட்டுப்புரையைக் கண்டவர்க்கு அவ்வெண்ணம் எழாமல் இராது.

வணிகமும் இவ்வரண்மனைக்குள் புகுந்துள்ளது. பூமுகத்திலுள்ள சீன நாற்காலி சீன வணிகர் அளித்தது என்பர்; பெரிய சீனச் சாடிகளும் இங்குள்ளன. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்டவர்மர் மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். 1753ஆம் ஆண்டு மாவேலிக்கரை உடன்படிக்கைக்கும் மிளகே மையம். அரண்மனை மரவேலைப்பாட்டை வியந்து எழுதுவோர் அதற்கான செல்வம் வந்த வழியைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

எல்லையும் சந்தையும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. அரண்மனையைச் சூழ்ந்த நகராட்சி தமிழ்நாட்டுக்குரியது. அரண்மனையைப் பேணி நுழைவுச்சீட்டு வழங்குவதோ கேரளத் தொல்லியல் துறை. இதனால் தமிழாய்வாளர் இதனைக் 'கேரளத்தது' என விட்டுவிடுவதும், மலையாள ஆய்வாளர் சுற்றியுள்ள தமிழூர்களை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டன. இரு திறத்தாரும் செய்வது வசதியான பிழை.

சந்தை இக்கோட்டினை ஏற்கவில்லை. தொடுவெட்டி என முன்பு வழங்கிய மார்த்தாண்டத்திலும் எல்லையிலுள்ள களியக்காவிளையிலும் மட்டி, ஏத்தன், செந்துளுவன் என வாழைக்குலைகள் பிரித்துப் பேசப்படுகின்றன. மரச்சீனி, நல்லமிளகு ஆகிய சொற்கள் பாறசாலையிலும் குழித்துறையிலும் ஒருங்கே வழங்குவன. இவற்றை எம்மொழிக்கு உரியவை என வகுப்பது வீண். தோவாளைப் பூ ஓணத்துக்கு இவ்வழியே செல்கிறது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், அமரவிளையில் இருந்தது போன்ற விற்பனைவரிச் சாவடிகளும் பொருளிழந்தன.

எனினும் சந்தையைச் சமத்துவக் களமாகப் போற்றுவதும் பொருந்தாது. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்ட இடங்களுள் சந்தைகளும் பொதுவழிகளும் அடங்கும். 1859 ஜூலை 26 அன்று வெளியான அரசாணை மேலாடை அணிய இசைவளித்தது. உயர்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்னும் தடையையும் உடன் வைத்தது. அரண்மனையில் எழுதப்பட்ட அவ்வாணையின் பொருள் அன்றாடம் சோதிக்கப்பட்டது தெருவில்தான்.

அம்மச்சிப்பிலாவும் தம்பிமாரும்

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்னும் பொந்துடைய பலாமரத்தின் எச்சம் காக்கப்பட்டு வருகிறது. எட்டுவீட்டில் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மர் அதனுள் ஒளிந்தார் என்பது கதை. 1891இல் வெளிவந்த சி. வி. இராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' புதினம் அக்காலக் கதையை நிலைபெறச் செய்தது. வென்றவருக்கு மரமும் புதினமும் வாய்த்தன. வாரிசுரிமைப் போட்டியில் தோற்று மடிந்த பப்புத்தம்பி, இராமன்தம்பி ஆகியோர்க்கு வாய்த்தது தம்பிமார் கதை என்னும் கதைப்பாடல். தென் திருவிதாங்கூர் வரலாற்றை எழுதுவோர் புதினத்தை வைத்த தட்டில் கதைப்பாடலையும் வைத்து நிறுத்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் இதில் காட்டும் தயக்கத்துக்குத் தக்க காரணம் ஏதும் தென்படவில்லை.

சாலியர் தெரு

நெய்யாற்றின்கரைக்கு வடமேற்கே பாலராமபுரம். பாலராமவர்மர் (1798–1810) பெயரைத் தாங்கிய இவ்வூரில் தமிழகத்திலிருந்து வந்த சாலியர் குடியமர்த்தப்பட்டு, அரசகுடும்பத்துக்கு ஆடை நெய்தனர். திவான் உம்மிணித்தம்பியின் பெயர் இதனோடு இணைத்துப் பேசப்படுகிறது. அரண்மனைத் தேவைக்காக உருவாகிய தெரு நாளடைவில் பெரிய நெசவுச் சந்தையாயிற்று. மெல்லிய பருத்தியும் சரிகைக்கரையும் கொண்ட பாலராமபுரம் துணி இன்று புவிசார் குறியீடு பெற்றது.

இதே தெரு வேறொரு நிகழ்ச்சிக்கும் களமாயிற்று. வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893இல் வில்வண்டியேறிப் பொதுவழியில் சென்றார். 1898இல் தம் மக்களுடன் ஆறாலுமூடு சந்தைக்கு நடந்தபோது, பாலராமபுரம் சாலியர் தெருவில் அவர்கள் தடுக்கப்பட்டனர், கைகலப்பு மூண்டது. இருபுறத்தாரும் குருதி சிந்தினர். அரசன் வருவித்துக் குடியேற்றியவர்கள் வாழ்ந்த தெரு, அவ்வரசின் வயல்களில் உழைத்தவர்கள் சந்தைக்குச் செல்லும் வழியை மறித்து நின்றது. அக்கலகத்தைத் தொடர்ந்து பிற ஊர்களிலும் புலையர் பொதுவழியில் நடக்கத் துணிந்தனர். அவர்கள் கேட்டது அரண்மனைக்குள் நுழையும் உரிமையன்று. காசு கொடுத்துப் பொருள் வாங்கும் இடம்வரை நடந்துசெல்லும் உரிமை.